வழியில் வண்டி நின்றுபோனால்



ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8-ல் தேவமாதா பிறந்த திருநாள். இன்றும் அநேகர் காவி உடுத்து நடந்தே போகிறார்கள். நம் வாலிபரும் இளங்குடும்பத்தாரும் மோட்டார் சைக்கிளில் விடியற்காலம் புறப்பட்டு, மாதாவைத் தரிசித்து, இருட்டுமுன் திரும்ப எண்ணுகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து போய்வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பாதி வழியில் வண்டி நின்றுபோனால் கிறிஸ்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? மூன்று புண்ணியங்கள் அங்கே தேவைப்படும்.

முதலாவது, விவேகம். வண்டி நின்றதும் பலர் தார்ச்சாலையின் மேலேயே குனிந்து என்ஜினைப் பார்க்கிறார்கள். பின்னால் பஸ்ஸும் லாரியும் பாய்ந்து வருகின்றன. என்ன பேதைமை! என்ஜின் அடங்குகிறதென்று கண்டால், கிளட்சைப் பிடித்து, உருளும் வேகத்திலேயே இடப்புறம் ஒதுங்கித் தாரை விட்டு இறங்குங்கள். வளைவிலோ பாலத்திலோ நின்றுவிட்டால் அதைக் கடந்து தள்ளிக்கொண்டு போங்கள். மனைவி மக்களைச் சாலையை விட்டு நன்றாய் விலகி நிற்கச் செய்யுங்கள். ஐந்தாம் கற்பனை கொலையை மாத்திரம் விலக்கவில்லை. நம் உயிரையும் பிறர் உயிரையும் காக்கும்படி நம்மைக் கடமைப்படுத்துகிறது. வண்டி நின்றதால் வரும் நஷ்டம் சில மணி நேரம். உயிரின் நஷ்டத்தை யார் ஈடு செய்வார்?

இரண்டாவது, பொறுமை. வண்டியை உதைப்பதும், "நீ புறப்படத் தாமதித்ததால்தான்" என்று பிள்ளைகள் முன் மனைவியை வைவதும் எந்த என்ஜினையும் ஓட்டியதில்லை. ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெட்ரோல் இருக்கிறதா? என்ஜினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கைபட்டு மாறியிருக்கிறதா? சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் சில வண்டிகள் ஓடா. மழைத்தண்ணீரில் ஓட்டியிருந்தால் பிளக் மூடியில் ஈரம் இருக்கும். சூடு ஆறியபின் கழற்றித் துடையுங்கள். விளக்கும் ஹாரனும் வேலை செய்யாவிட்டால் பாட்டரிக் கம்பியையும் ஃபியூஸையும் பாருங்கள். இவ்வளவும் பார்த்து ஓடாவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். 2020-க்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலும் மின்கருவியால் பெட்ரோலை அளந்து செலுத்துகின்றன. தெரியாதவன் திருகிப் பார்த்தால் கெடுதல் கூடும். வேறொருவர் தம் வண்டியில் இருந்தபடி உங்கள் வண்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வர ஒருபோதும் சம்மதியாதீர்கள். ஒரு பள்ளம் போதும், இருவரும் விழ.

வண்டி சரியானபின் வரும் சோதனை இன்னும் பெரிது. போன நேரத்தைப் பிடிக்க வேண்டுமென்று வேகமாய் ஓட்டத் தோன்றும். ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில் தன் குற்றமின்றித் தடைப்பட்டு, வேறு பூசைக்கும் போக இயலாதவன்பேரில் பாவமில்லை என்பது திருச்சபையின் படிப்பினை. பின் எதற்கு அவசரம்? மாதா கோவிலை மூடிக்கொண்டு போய்விடமாட்டாள்.

மூன்றாவது, பிறர்சிநேகம். எரிக்கோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் விலகிக் கடந்து போனார்கள். நின்றவனோ அந்நியனான சமாரியன். சாலையோரம் ஒரு குடும்பம் வண்டியோடு தவிப்பதைக் கண்டால் நில்லுங்கள். ஒரு பாட்டில் பெட்ரோல், ஒரு வாய்த் தண்ணீர், அடுத்த ஊர் மெக்கானிக்குக்கு ஒரு செய்தி போதும். அடிபட்டவனானால் 108-க்குச் சொல்லுங்கள். போலீஸ், கோர்ட்டு என்று அஞ்ச வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் நல்லெண்ணத்தோடு உதவுகிறவனைக் காக்கிறது.

உதவி பெறவும் தாழ்ச்சி வேண்டும். உங்களுக்காக நிற்கிறவன் எந்த மதம், எந்தச் சாதி என்று பாராமல் நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். வெயிலில் வந்து பஞ்சர் ஒட்டுகிறவனிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 1947-ல் 12-ம் பத்திநாதர் பாப்பானவர், காஸ்தெல்லாஸ்ஸோ ஊர் மாதாவை இத்தாலிய மோட்டார் சைக்கிள்காரருக்குப் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். மாதாவின் ஆதரவு மெய்யானது. ஆனால் கைப்பிடியில் செபமாலையைத் தொங்கவிட்டு, தேய்ந்த டயரோடும் தளர்ந்த பிரேக்கோடும் புறப்படுகிறவன் சர்வேசுரனைச் சோதிக்கிறான். பத்துக் கன்னியரில் ஐவருக்கு எண்ணெய் குறைந்தது நடுச்சாமத்தில் அல்ல, புறப்பட்டபோதே! ஆகையால் முந்தின நாளே டயரின் காற்று, செயின், பிரேக், பெட்ரோல் இவற்றைப் பாருங்கள். இருவரும் ஹெல்மெட் அணியுங்கள்; நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் அது வேண்டும். பின்பு குடும்பமாய் முழந்தாளிட்டு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிப் புறப்படுங்கள்.

ஆரோக்கிய மாதா உங்களைச் சுகமாய் வீடு சேர்ப்பாளாக.

உங்கள் பங்குக் குரு