பரமேச்சுர விண்ணகரத்துச் சுவர் சொல்லும் சரித்திரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ ஸேவைக்காகக் கச்சிமாநகரில் எழுந்தருளியிருக்கும் பாகவதர்களில் பலர், பரமேச்சுர விண்ணகரத்துக்கும் சென்று வைகுண்டநாதனை ஸேவிப்பர். திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்களால் மங்களாசாஸனம் செய்தருளிய திவ்யதேசம் அது. மேற்கு நோக்கிய ஸந்நிதி. முத்தளமாய் உயர்ந்த விமானத்தில் எம்பெருமான் வீற்றிருந்தும், சயனித்தும், நின்றும் காட்சி தந்தருளுகிறான். தீர்த்தமும் சடாரியும் பெற்றவுடன் விரைந்து வெளியேறுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மண்டபச் சுவரில் ஒரு ராஜ வம்சத்தின் சரித்திரமே செதுக்கப்பட்டிருப்பதை நின்று காண்பவர் சிலரே.

அது பல்லவ குலத்தின் கதை. தேவர்களும் ரிஷிகளும் தோன்றும் வம்சத் தொடக்கம் முதலாக, அரசர் பலரின் பட்டாபிஷேகம், கொலு, யுத்தம், யானைப்படை, குதிரைப்படை என்று வரிசை நீளுகிறது. இக்கோயிலை எடுப்பித்தவன் என்று ஆராய்ச்சியாளர் கொள்ளும் இரண்டாம் நந்திவர்மன் வருமிடத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது.

இரண்டாம் பரமேசுவரவர்மன் மாண்டபின், சுமார் 731-ஆம் ஆண்டில், காஞ்சியின் அரியணை வெறுமையாயிற்று. அமைச்சரும், கடிகை என்னும் வித்யாஸ்தானத்தாரும், குடிமக்களும் கிளை வம்சத்தவனான ஹிரண்யவர்மனிடம் சென்று ஓர் அரசனை வேண்டினர். அவன் தன் குமாரர் நால்வரையும் கேட்டான். மூத்தவர் மூவரும் மறுத்தனர். பன்னிரண்டு வயதே நிரம்பிய பல்லவமல்லன் மட்டும் ‘நான் போவேன்’ என்று வணங்கி நின்றான். தந்தை கலங்கினான், பெரியோர் தேற்றினர். மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சி சேர்ந்த அப்பாலகன் நந்திவர்மன் என்னும் அபிஷேகநாமம் பெற்றான்.

சிற்பத்தைப் பார்த்த மாத்திரத்தில் இவ்வளவும் விளங்குமோ எனின், விளங்காது. ஓர் அபிஷேகம் மற்றோர் அபிஷேகம் போலவே இருக்கும். பிரத்யக்ஷத்துக்குச் சப்தம் துணை நிற்க வேண்டும் அல்லவா? நந்திவர்மனுடைய சிற்பங்களை ஒட்டித் தமிழிலே பொறித்த வாசகங்கள் அத்துணையைச் செய்கின்றன. அவற்றையும் சிற்பங்களையும் ஒப்புநோக்கி ஆராய்ந்தவர் சி. மீனாட்சி என்னும் அம்மையார். 1940-இல் அவர் இளவயதிலேயே மறைந்தார். நூல் 1941-இல் வெளிவந்தது. அவர் பட்ட சிரமத்தை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆயினும் சுவர் சொல்வதெல்லாம் நடந்தபடியே சொன்னதுதானா? உதயேந்திரம் செப்பேடுகள் நந்திவர்மனது 21-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நந்திபுரத்தில் பகைவரால் முற்றுகையிடப்பட்ட அரசனை உதயசந்திரன் என்னும் சேனாபதி மீட்டான் என்றும், சித்திரமாயன் என்ற பல்லவ ராஜகுமாரனைத் தன் கையாலேயே கொன்றான் என்றும் அவை கூறுகின்றன. எல்லோரும் ஒருமனதாய் அழைத்து முடிசூட்டினர் என்று காட்டும் சுவரின் எழுத்தில் சித்திரமாயன் பெயரே இல்லை! சிற்பி அரசனிடம் வேதனம் பெற்றவன். வேறு எப்படிச் செதுக்குவான்?

அதனால் இச்சிற்பத்தைப் பொய்யென்று தள்ளுவது பாடசாலையில் மீமாம்ஸை கேட்டவன் செய்யும் காரியம் அன்று. வாயுவைத் துதிக்கும் வேதவாக்கியத்தை நாம் அர்த்தவாதம் என்கிறோம். வாயுவுக்குரிய யாகத்தில் மனத்தைச் செலுத்துவதே அத்துதியின் தாத்பர்யம். அதுபோல இங்கும் தாத்பர்யத்தைத் தேட வேண்டும். வாளால் வென்றேன் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாமே! அமைச்சரும் கடிகையாரும் குடிகளும் வந்து அழைத்தார்கள் என்று கல்லில் காட்ட வேண்டிய அவசியம் அவனுக்கு ஏன் நேர்ந்தது? அச்சம்மதம் இன்றிக் காஞ்சியில் சிம்மாசனம் நிலைக்காது என்று எட்டாம் நூற்றாண்டில் ஊரும் அறிந்திருந்தது, அரசனும் அறிந்திருந்தான். போரின் தேதியைக் காட்டிலும் இதுவன்றோ பெரிய சரித்திரம்!

அச்சிற்பங்கள் மணற்கல்லால் ஆனவை. பல முகங்கள் தேய்ந்துவிட்டன. எழுத்துகளும் மங்கி வருகின்றன. ஆகவே அடியேனுடைய விண்ணப்பம்: பாகவதர்கள் அச்சுவரில் சாய வேண்டா, குங்குமமோ எண்ணெயோ தடவ வேண்டா, பக்தியால்கூடக் கையால் வருட வேண்டா. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உடன் வந்திருந்தால், நந்திவர்மனுடைய சிற்பங்களின் எதிரே சற்று நிறுத்தி, அந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.