வலியிலே ஸபூர்



கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பள்ளியிலோ தொழச் செல்லும்போது, ஸஃபின் ஓரத்தில் போடப்பட்டுள்ள நாற்காலிகளைச் சற்றே கவனியுங்கள். அவற்றில் அமர்ந்திருப்போர் யார்? முப்பது, நாற்பது ஆண்டுகள் கல்லாவிலும், ரொட்டி சானாய்க் கல்லின் முன்னும், துணிக்கடை மேசைக்குப் பின்னும் நின்றே பிழைத்த நம்மவர்கள். நின்ற கால் தேய்ந்தது. மூட்டு மாற்றும் சிகிச்சையும் செய்தாகிவிட்டது. ஆயினும் அவர்களுடைய மனத்திலே ஒரு கேள்வி இருக்கிறது: "மூட்டைத்தான் மாற்றியாயிற்றே, இன்னும் ஏன் இந்த நோவு?"

இக்கேள்விக்கு மருத்துவத்திலும் விடையுண்டு, மார்க்கத்திலும் விடையுண்டு.

இன்று செய்யப்படும் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வழிகாட்டிய செயற்கை மூட்டு, 1974இல் நியூயார்க் நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதை வடிவமைத்தவர்களுள் ஒருவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். பாரதப் பிரதமராயிருந்த வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் ஒரு முழங்காலையும், 2001 ஜூனில் மறு முழங்காலையும் பம்பாயிலே மாற்றியவரும் அவரே. ஆனால் பிரதமரானாலும் பெட்டிக்கடைக்காரரானாலும் டாக்டர் மாற்றித் தருவது மூட்டைத்தான். நடையை அவரவர்தாம் உழைத்துப் பெறவேண்டும்.

ஏனெனில், தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பொருத்தும்போது சுற்றியுள்ள சதையும் சவ்வும் அறுபடுகின்றன. அவை ஆறவேண்டும். பல்லாண்டுகள் நொண்டி நடந்ததால் மெலிந்த தொடைச் சதை வலுப்பெற வேண்டும். முதல் ஆறு வாரம் வலி மிகும். வீக்கம் மூன்று மாதம், ஆறு மாதம் நிற்பதும் உண்டு. முழுத் தேர்ச்சிக்கு ஓராண்டு கூட ஆகலாம். 100 பேரில் ஏறக்குறைய 10 முதல் 20 பேருக்கு அதன் பின்னரும் வலி தங்குகிறது. இது அவர்கள் செய்த பாவத்தின் தண்டனை என்று எவரும் சொல்லவேண்டாம்.

இவ்விடத்திலே நம்மவர்கள் இரு தவறுகள் செய்கிறார்கள். ஒருவர் அவசரப்பட்டுப் பதினைந்தாம் நாளே கடை திறந்து, மாலைவரை காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வீக்கத்தை வளர்க்கிறார். மற்றொருவர், "ஸபூர் செய்கிறேன்" என்று சொல்லி, மாத்திரையை ஒதுக்கி, பயிற்சியையும் விட்டு, முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்துவிடுகிறார். அத்தலையணை சுகமாய்த்தானிருக்கும். ஆனால் மடங்கிய நிலையிலேயே கால் இறுகி, பின்பு நீட்டவே இயலாமற் போய்விடும்.

சகோதரர்களே! ஸபூர் என்பது வாய்மூடிக் கிடப்பதா? பொறுமைக்கு உவமையாக நாம் சொல்லும் நபி ஐயூப் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். தம் துன்பத்தை அவர்கள் தம் இறைவனிடம் வாய்திறந்து முறையிட்டார்கள். அம்முறையீடு அவர்களுடைய பொறுமையைக் குறைத்துவிடவில்லை. அப்போது அல்லாஹுத் தஆலா இட்ட கட்டளை என்ன? காலால் பூமியை உதைக்கும்படி ஏவினான். நோயுற்றிருந்தவரின் கால் அசைந்தது, ஊற்றுப் பெருகியது, குளிக்கவும் குடிக்கவும் நீர் கிடைத்தது. நீரின்றியே ஷிபா தர அவனுக்கு இயலாதா? இயலும். ஆயினும் நோயாளியின் காலையே அசைக்கச் சொன்னான். வலியிலே காலை அசைப்பதும் ஸபூர்தான் என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

ஆகவே பயிற்சியைக் கடன் தவணை போலக் கருதுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் சுமை கூடும். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு விழுங்கினால் கால் இணங்கும். பயிற்சி முடிந்தபின் துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால்மணி நேரம் வையுங்கள். படுக்கும்போது குதிகாலை உயர்த்தி, முழங்காலை நேராக நீட்டுங்கள். கைத்தடியை நல்ல காலின் பக்கத்துக் கையிலே பிடியுங்கள்.

நம்மில் பலருக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உண்டு. சர்க்கரை ஏறினால் புண் ஆறாது. கிருமி புகவும் இடமாகும். சிறுநீரகம் பழுதானவர்கள், கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை டாக்டரைக் கேளாமல் தொடலாகாது. கெண்டைக்காலில் தைலம் தேய்த்து அழுத்தி உருவிவிடுவதும் ஆபத்து; அங்கே இரத்தம் உறைந்திருந்தால் அது நகர்ந்து நெஞ்சுக்குச் செல்லக்கூடும்.

கடைக்குப் பேரேடு எழுதும் நாம், காலுக்கும் ஒரு கணக்கு எழுதினால் என்ன? எந்நேரம் வலித்தது, பத்துக்கு எத்தனை, என்ன செய்தபோது வலித்தது, எதனால் தணிந்தது என்று குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். "பரவாயில்லை டாக்டர்" என்று மரியாதைக்காகச் சொல்லி வருவது, நஷ்டத்தை மறைத்த கணக்கைப் போன்றது. குறைந்த வலி மீண்டும் ஏறினாலும், காய்ச்சல், சிவப்பு, சீழ் கண்டாலும், கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும் அன்றே செல்லுங்கள். மூச்சு திணறினால், நெஞ்சு வலித்தால், 999ஐ அழைக்கத் தாமதியாதீர்கள்.

தொழுகையைப் பற்றி ஒரு சொல். நோயுற்ற தோழர் ஒருவருக்கு, நின்று தொழும்படியும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஆதலால் நாற்காலியிலே அமர்ந்து ஸுஜூதுக்குச் சைகை செய்வதில் வெட்கமில்லை. நிற்க இயன்ற மட்டும் நின்று, முடியாததற்கு மட்டும் நாற்காலியை நாடுங்கள். மண்டியிடலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். தொழுகையின் சட்டத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள்.

நலம் விசாரிக்கச் செல்வோரே! நோயாளியைச் சந்திப்பது பெரும் நன்மை. ஆனால் "இன்னார் பத்தே நாளில் நடந்தாரே" என்று சொல்லி அவருடைய நெஞ்சை ஒடிக்காதீர்கள். அதைவிட, பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் உங்கள் அண்டைக் கடைக்காரர் படுத்திருந்தால், அவர் கல்லாவை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கைப்பிடித்துப் பத்தடி நடத்திவையுங்கள். அவருடைய வலியிலே நீங்களும் ஒரு பங்கு சுமந்தவராவீர்கள்.

ஐயூப் நபிக்கு ஷிபா அளித்த றப்புல் ஆலமீன், நம்முடைய நோயாளிகளுக்கும் பூரண ஷிபாவையும், எட்டு வைக்கும் துணிவையும், தாங்கும் ஸபூரையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.