எனக்கு ஆட்சேபணை இல்லை

போன மாசம் ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டேன். இறந்துபோன என் தகப்பனார் வகையில் வரும் வாரிசு வேலையை என் தம்பிக்கு வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் அடித்திருந்தது. எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கப்பா நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளர். வேலையில் இருக்கும்போதே செத்துப்போனார். அம்மாவும் துடைப்பம் பிடிக்கிறவர்தான், ஆனால் கான்ட்ராக்ட். வயசு தாண்டிவிட்டதால் அவருக்கு அந்த வேலை கிடையாது. மூத்தவன் நான். எம்.ஏ. தமிழ். ஒரு தனியார் கல்லூரியில் தொகுப்பூதியத்துக்குப் பாடம் எடுக்கிறேன். மே மாசம் சம்பளம் இல்லை. ஜூனில் கூப்பிட்டால்தான் வேலை.

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். எழுத்தர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். "இந்தப் படிப்புக்கு இளநிலை உதவியாளர் கேக்கலாம். காலியிடம் வரணும், வருசக்கணக்கா ஆவும். துப்புரவுன்னா உடனே போட்டுரலாம்" என்றார். எம்.ஏ.யைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வேண்டாம் என்று வந்துவிட்டேன். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்கிவைக்கிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் காட்டினார். அதே ஆண்டில் காந்தி தம் 'ஹரிஜன்' ஏட்டில் இலட்சிய பங்கி எப்படி இருக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். பீ அள்ளுகிறவன் இலட்சியவாதியாகவும் இருக்கவேண்டுமாம்! இதையெல்லாம் மேடையில் பேசுகிற நான் எப்படி அந்த வேலைக்குக் கையெழுத்துப் போடுவது?

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியாருக்குக் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்று 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அதிகம் பெண்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கிப் போனது. நிரந்தரம் கேட்பது அவர்களை அதே தொழிலில் நிறுத்திவைப்பதாகிவிடும் என்று அப்போது தொல். திருமாவளவன் பேசினார். தோழர்களுக்குள் பெரிய விவாதம். நான் அவர் பக்கம் நின்று வாதாடினேன்.

வீட்டிலும் அதையே பேசினேன். குப்பை வண்டியில் கான்ட்ராக்டில் போகிற தம்பி சோறு தின்றுகொண்டிருந்தான். "ஏண்ணே, கான்ட்ராக்ட்ல அள்ளுனா மட்டும் அது வேற குப்பையா?" என்றான்.

அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், நான் எம்.ஏ. படித்ததே அப்பாவின் நிரந்தரத்தால்தான். முதல் தேதி சம்பளம் வந்தது. பி.எஃப்.பில் கடன் வாங்கிப் பரீட்சைக்குப் பணம் கட்டினார். அம்மா ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்த பிள்ளைகளை எங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள், அநேகமாக நிரந்தர வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான். அரசாங்க வேலை என்றால் இடஒதுக்கீடு உண்டு. கான்ட்ராக்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் குப்பைக்கு ஆள் வேண்டுமென்றால் யாரும் சொல்லாமலேயே நம்ம சேரிக்குத்தான் வருகிறான். பல வருடம் தற்காலிகமாக உழைத்தார் என்பதற்காக மட்டும் யாருக்கும் நிரந்தர உரிமை வந்துவிடாது என்று 2006இல் உமாதேவி வழக்கில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். கூலி நிரந்தரமாவது ஒன்று. பிறப்பால் வேலை நிரந்தரமாவது வேறு. முன்னது அப்பாவுக்கு இருந்ததால்தான் பின்னதிலிருந்து நான் தப்பினேன். தப்பியவனையும் சான்றிதழோடு வரவழைத்து அதே துடைப்பத்தை நீட்டியது அந்த ஆபீஸ். அங்கேதான் என் ஆட்சேபணை. தம்பி கேட்ட கூலியின்மேல் ஆட்சேபணை சொல்ல நான் யார்? இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதி இருந்தது. அந்த வசதிக்குப் பேர் தம்பி. அவன் இல்லாதிருந்து, அம்மாவும் நானும் மட்டும் என்றிருந்தால் ஜூன் மாதக் கூப்பாட்டை நம்பி மறுத்திருப்பேனா?

விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும். கல்வித் தகுதிக்குப் பத்தாம் வகுப்பு என்று போட்டேன். தம்பி மகள் மடியில் ஏறிப் பேனாவைப் பிடுங்கினாள், மூன்று வயசு. அவளைத் தூக்கிக்கொண்டே தம்பி கேட்டான்.

"ஏண்ணே, நானும் அப்பா மாதிரி பாதியில போயிட்டா, இவளுக்கும் இதத்தான் குடுப்பாங்களா?"

இடஞ்சுட்டிப் பெருக்கல் குறி போட்டிருந்தேன். அதற்கு நேரே அவன் கையெழுத்துப் போட்டான்.