விருந்துக்கென்று கிடக்கும் பட்டினி

மத்தியானம் கலியாண வீட்டிற்குப் போகவேண்டியிருந்தால், அன்று காலையுணவை விலக்கி வயிற்றைக் காயவிடும் வழக்கம் எம்மவருட் பலரிடத்தே காணப்படுகின்றது. பிள்ளைகள் பசியென்று அழுதாலும், "பொறு, அங்கே போய்ச் சாப்பிடலாம்" என்று அடக்கிவைக்கின்றனர். இதனைக் குற்றமென்று எவரும் எண்ணுவதில்லை. உண்ணாமையாதலின் ஒருவாறு நல்லதே எனக் கருதுவாரும் உளர். உண்ணாமையெல்லாம் ஒரு தன்மையதோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

ஐப்பசியிலே கந்தசஷ்டி விரதங் காப்போர் ஆறு நாளும் இயன்றவாறு உணவைச் சுருக்கி, ஏழாம் நாட் பாறணை செய்கின்றனர். அவர் உணவைச் சுருக்குவது, அதன்மேற் செல்லும் மனத்தை முருகப்பெருமான் திருவடியிலே நிறுத்தற்பொருட்டு. விருந்துக்காகப் பட்டினி கிடப்பவனோ வாயை மூடிக்கொண்டு, மனத்தைக் காலைமுதல் வாழையிலையின்மேலே வைத்திருக்கின்றான். அவாவுக்கு இடம் ஒழித்துவைக்கும் இச்செயலை விரதத்தோடு ஒப்பவைத்தல் சிறிதும் பொருந்தாது.

உடம்பின் வழியாக நோக்கினும் அவன் கருதியது கைகூடுவதில்லை. வயிறு நிறைந்தமையை மூளை உணர்தற்கு ஏறக்குறைய 20 நிமிஷஞ் செல்லும். மிகப் பசித்தவன் அதற்குள் விரைந்துண்டு அளவு கடந்துவிடுகின்றான். பாயசம் வருமுன்னரே மூச்சு முட்டுகின்றது. இஃதாவது சிரிப்பதற்குரியது. பந்தி பிந்துதல் யாவரும் அறிந்ததே. நீரிழிவுள்ள முதியோர் காலையிலே இன்சுலின் ஏற்றிக்கொண்டோ, அந்நோய்க்குரிய சில குளிசைகளை விழுங்கிக்கொண்டோ, உணவின்றிக் காத்திருப்பாராயின், இரத்தத்திற் சீனியின் அளவு தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, அறிவு மயங்கவுங் கூடும். உயிர்க்கே இடராதலும் உண்டு. பந்தலிலுள்ளோர் அதனை வெறுங் களைப்பென்றெண்ணி விசிறிக்கொண்டிருத்தல் போதாது. அறிவு தெளிவாயிருக்கும்போதே சீனி கரைத்த நீரை உடனே பருகக் கொடுத்தல் வேண்டும். மயங்கியவர் வாயில் எதனையும் ஊற்றாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

உண்டு சென்றால் வீட்டுக்காரர் மனம் நோகாதோ எனின், நோகாது. காலையில் அளவாக உண்டவன் இலையில் வந்தவற்றை ஆறுதலாகச் சுவைத்துண்பான். முதற்பந்தியைத் தூரத்திலிருந்து வந்தோர்க்கு விட்டு, தான் பரிமாறவும் நிற்பான். மணமக்களுக்கு அறுகரிசியிடும்போது அவன் கண் அடுக்களைப் பக்கஞ் செல்லாது. வீட்டுக்காரர்க்கு இத்தகைய விருந்தினன் பெருந்துணையன்றோ? பிள்ளைகளுக்கோ, புறப்படுமுன் இரண்டு இடியப்பமேனுங் கொடுத்து அழைத்துச் செல்லுக.