பெரியப்பாவின் வயது

கடந்த மாசி மாதம் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். ஸ்பானிய வகுப்புக்கும் சித்திர வகுப்புக்கும் சேர்த்து ஒரே வேலை. சிலி நாட்டுப் பெண்கள் செய்த 'அர்பியேரா' என்ற துணிச்சித்திரங்களைப் பற்றி முதலில் வாசிக்க வேண்டும். பிறகு தன் குடும்பத்துக் கதை ஒன்றை அதே முறையில் தைக்க வேண்டும். அதைப் பற்றி ஸ்பானிய மொழியில் 150 சொற்களில் ஒரு குறிப்பு எழுதி, துணியின் பின்புறத்தில் ஒரு சிறு பை தைத்து அதற்குள் வைக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்களும் தனித்தனியே புள்ளி போடுவார்கள்.

மொன்றியலில் வளரும் எங்கள் பிள்ளைகள் தங்கள் மொழிகளைத் தாங்களாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தமிழ் நாங்கள் கொடுத்தது. பிரெஞ்சு, 1977இல் வந்த 101ஆம் சட்டம் கொடுத்தது. குடிவந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று அது விதித்தது. ஆங்கிலம் தெருவும் தொலைக்காட்சியும் கொடுத்தது. உயர்பள்ளி நான்காம் ஆண்டில் ஸ்பானியத்தைத்தான் என் மகள் முதன்முதலாகத் தானே கேட்டு எடுத்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பத்து வயதில் விட்டவள் அவள். "தமிழில எழுதத் தெரியாது, ஸ்பானிஷ் என்னத்துக்கு?" என்று நானும் கேட்டேன்தான். சித்திரத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயமே இருக்கவில்லை. கியூபெக்கில் நான்காம் ஆண்டில் ஒரு கலைப் பாடம் தேறாமல் உயர்பள்ளிச் சான்றிதழ் கிடைக்காது. ஆகவே அவள் சித்திரம் செய்தாள். கணிதமும் விஞ்ஞானமும்தான் என் கவலை.

தாளை ஒட்டிவிட்டு அவள் சொன்னாள்: "அப்பா, நான் பெரியப்பாவைத் தைக்கப் போறன்."

வேண்டாம் என்றேன். யோசிக்காமல் சொன்னது அது. பிறகு பல நாட்கள் அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் 1996 ஆடி மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டவர். அப்போது அவருக்கு 21 வயது, எனக்கு 16. அந்த ஆண்டு குடாநாட்டில் இப்படி இல்லாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கானோர். அண்ணனுடைய சைக்கிளை மட்டும் அடுத்த நாள் ஒருவர் உருட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுப் போனார். அம்மா இப்போது எங்களோடு மொன்றியலில் இருக்கிறார். அண்ணனின் படம் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாமியறையில் இல்லை, மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. திதி தெரியாததால் திவசமும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளும்படி ஊரில் பலர் சொன்னபோது அம்மா மறுத்தார். 2016இல் இலங்கையில் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று வந்தது. அதையும் அவர் எடுக்கவில்லை.

மகளிடம் நான் சொன்ன முதல் காரணம், துயரத்தைப் புள்ளிக்காக எடுத்துக் காட்டக்கூடாது என்பது. இது வெறும் சாட்டு அல்ல. எங்கள் துயரத்துக்கு ஏற்கெனவே புள்ளி போட்டிருக்கிறார்கள். நான் மேற்படிப்புக்கு மாணவனாக வந்தவன். என் மாமா எண்பதுகளில் அகதியாக வந்தவர். தன் விசாரணையைப் பற்றி அவர் சொல்லும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். எழுத்தில் கொடுத்த திகதியும் வாயால் சொன்ன திகதியும் ஒத்திருக்க வேண்டும். நடந்தது உண்மையா என்பதைவிட, சொன்ன விதம் நம்பும்படி இருக்கிறதா என்பதே அந்த அறையில் கேள்வி. தன் தம்பி இறந்த கதையை ஒரு பரீட்சைக்குப் போல மனனம் செய்ததை அவர் இன்றுவரை தனக்கு மன்னிக்கவில்லை. அந்த வேலையை என் மகள் ஒரு வகுப்பறையில் விரும்பிச் செய்வதா?

இரண்டாவது காரணம் அம்மா. துணியில் தைத்துவிட்டால் அது நினைவுச் சின்னம். உயிரோடு இருக்கிறவனுக்கு யாரும் நினைவுச் சின்னம் செய்வதில்லை.

இரண்டையும் சொன்னேன். மகள் கேட்டாள்: "அப்ப நான் ஆற்ற கதையைத் தைக்கிறது? சிலியில காணாமற்போன ஆக்களைப் பற்றி வகுப்பில படிக்கிறன். அதைத் தைச்சா உங்களுக்கு ஓகே. எங்கட வீட்டுப் படத்தில இருக்கிறவரைத் தைச்சா பிழையோ?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு அவளுடைய பாடத்தாள்களை எடுத்து வாசித்தேன்.

1973 செப்டெம்பர் 11 அன்று சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிடித்துச் செல்லப்பட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடித் திரிந்த தாய்மாரும் மனைவிமாரும் சந்தியாகோவில் தேவாலய அமைப்புகளின் உதவியோடு பட்டறைகளில் கூடித் தைக்கத் தொடங்கினார்கள். 1976க்குப் பிறகு இந்த வேலையை 'விகாரியா தே லா சொலிதாரிதாத்' என்ற திருச்சபை அமைப்பு நடத்தியது. அர்பியேரா என்றால் சாக்குத்துணி. அதன்மேல் கந்தல் துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டு, மலை, சூரியன், வீடு, சின்னச் சின்னத் துணிப்பொம்மைகளாக மனிதர் என்று தைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குழந்தைகள் அறையில் மாட்டக்கூடிய படம் போல இருக்கும். கிட்டப் போனால், சிறைவாசலில் நிற்கும் பெண்கள் தெரிவார்கள். அவர்கள் பிடித்திருக்கும் பதாகையில் 'தோந்தே எஸ்தான்?' என்றிருக்கும்: எங்கே இருக்கிறார்கள்? சிலவற்றில் காணாமல் ஆக்கப்பட்டவருடைய உடுப்பின் துண்டே இருக்கும். நாட்டுக்கு வெளியே இரகசியமாக அனுப்பி விற்றார்கள். அந்தக் காசில் வீட்டில் உலை கொதித்தது. பின்புறப் பையில் தைத்தவரின் குறிப்பு இருக்கும்.

இதை வாசித்தபோது என் முதல் காரணம் ஆட்டம் கண்டது. அந்தப் பெண்கள் தங்கள் துயரத்தை விற்றவர்கள். விலை பேசி விற்றவர்கள். அதனால் அது மலிந்துபோகவில்லை. அகதி விசாரணையில் மாமாவை அவமானப்படுத்தியது, அவர் கதை சொன்னார் என்பது அல்ல. கதை உண்மையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் எதிரே இருந்தவரிடம் இருந்தது, அதுதான். சிலிப் பெண்கள் அந்த அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. துணியை வாங்கியவர் தையலுக்குக் காசு கொடுத்தார், அவ்வளவே. எங்கள் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல், 'நிறைவுறாத தோம்பு' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் கொண்டுவந்தார். இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அதிலிருந்து எழுந்த நூல் அது. கிணறு எங்கே, பூவரசு எங்கே என்று கீறிக் கொடுத்தவர்கள் தங்கள் வீட்டை இரண்டாம் முறை இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் மகள் எனக்கு ஸ்பானியம் சொல்லிக்கொடுத்தாள். அந்த மொழியில் 'இருத்தல்' என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள். ஒருவர் யார், என்ன என்று சொல்ல 'செர்'. எங்கே, எந்த நிலையில் என்று சொல்ல 'எஸ்தார்'. நிலையானதற்கு முதலாவது, மாறக்கூடியதற்கு இரண்டாவது என்று தொடக்கத்தில் சொல்லிக்கொடுப்பார்களாம். பிறகு ஒருநாள், செத்துப்போனார் என்பதற்கு மாறக்கூடிய 'எஸ்தார்'தான் வரும் என்றபோது வகுப்பே சிரித்ததாம். ஒரு மாற்றத்தின் விளைவாக வந்த நிலை என்பதால் அப்படி என்றாராம் ஆசிரியர்.

"எங்கே எண்டு கேக்கிறதுக்கும் அதே சொல்தான் அப்பா," என்றாள்.

தமிழில் எங்களுக்கு ஒரு சொல்தான். 'இருக்கிறாரா?' என்று வாசலில் நின்று கேட்டால் வீட்டில் நிற்கிறாரா என்று அர்த்தம். பல வருடங்கள் கழித்து ஊரிலிருந்து வந்தவரிடம் கேட்டால் உயிரோடு இருக்கிறாரா என்று அர்த்தம். ஆனால் வேறோர் இடத்தில் தமிழ் மிகக் கறாரானது. 'காணாமல் போனவர்' என்றால் அவராகப் போனார். 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்றால் செய்தவர் ஒருவர் இருக்கிறார். தாய்மார் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். ஸ்பானியத்திலும் 'மறைதல்' தானாக நிகழும் வினை. தென்னமெரிக்காவில் மக்கள் அதை 'அவரை மறைத்தார்கள்' என்ற பொருளில் வளைத்துப் பேசத் தொடங்கினார்கள். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே தேவைக்காக இலக்கணத்தை ஒரே பக்கமாகத் திருப்பியிருக்கின்றன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கிடைக்காத ஒரு தமிழ்ச் சொல்லின் கனம் என் மகளுக்கு ஸ்பானிய வகுப்பில் கிடைத்தது. அதை நான் குறைகூற முடியாது.

நான் பார்ப்பது தரவுத்தள வேலை. இறந்த திகதிக்கான கட்டம் காலியாக இருந்தால், பல மென்பொருள்கள் அந்த ஆளை உயிரோடிருப்பவராக எடுத்துக்கொள்ளும். காலி என்றால் 'இல்லை' அல்ல, 'தெரியாது' என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் விளக்குவேன். அந்த வேறுபாட்டை இரண்டு கோடி வரிகளில் காப்பாற்றத் தெரிந்த எனக்கு, என் வீட்டில் ஒரு வரியில் காப்பாற்றத் தெரியவில்லை. அண்ணன் இறந்துவிட்டார் என்று நான் எப்போதோ மனதில் நிரப்பிவிட்டேன். அம்மாவுக்காகத்தான் அதை வெளியே சொல்லவில்லை. 'வேண்டாம்' என்று அன்று என் வாயிலிருந்து வந்ததற்கு உண்மையான காரணம் இதுதான். மகள் கேள்வி கேட்டால் நான் நிரப்பிவைத்த விடை வெளியே வந்துவிடும்.

அம்மாவிடம் அவளே கேட்டுவிட்டாள். நான் வேலையால் வந்தபோது இருவரும் கட்டிலில் இருந்தார்கள். பெட்டி திறந்திருந்தது.

"என்னத்தில தைக்கப் போறாய்?" என்று அம்மா கேட்டிருக்கிறார். அந்தப் பெண்கள் உடுப்பிலிருந்து வெட்டினதாக இவள் சொல்லியிருக்கிறாள். அம்மா அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சேர்ட்டை எடுத்து மடியில் வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திரும்ப மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"இது அவன் வந்தாப் போடுறதுக்கு," என்றார்.

பிறகு அடியிலிருந்து கரை தேய்ந்த ஒரு பச்சை நூல்சேலையை இழுத்தார். "இதைக் கட்டிக்கொண்டுதான் காம்ப் காம்பா திரிஞ்சனான். இதை வெட்டு." கத்தரிக்கோலை வாங்கி முதல் துண்டைத் தானே வெட்டினார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "என்னத்தையும் எழுது பிள்ளை. செத்துப்போனான் எண்டு மட்டும் எழுதாத."

நான் பல நாட்கள் தேடிய எல்லையை அம்மா ஒரு வசனத்தில் வைத்துவிட்டார். துயரம் யாருடையது, அதை யார் சொல்லலாம் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லும் உரிமை பேரப்பிள்ளைக்கும் வரலாம். அதை முடித்துவைக்கும் உரிமை வராது. எனக்கும் அது வந்திருக்கவில்லை. கிளிநொச்சியில் தாய்மார் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்கள் பலர், பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். கேட்டவர்கள் போனபின் கேள்வி எங்கே போகும்? சிலியில் அரசே தேடுவதற்கு ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்தது 2023 ஆகஸ்ட் 30 அன்று. ஐம்பது ஆண்டுகள். இடையில் யாரோ பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தபடியால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது. அம்மாவின் மரியாதைக்காக என்று நான் மகளிடமிருந்து மறைத்தது, அம்மா முப்பது வருடங்கள் மூடாமல் வைத்திருந்த ஒன்றை அவருக்குப் பின்னால் மெல்ல மூடிவிடும் வேலையாகவே முடிந்திருக்கும்.

அவள் தைத்தது பெரிய படம் அல்ல. பச்சைச் சேலையில் ஒரு வாசல், சாத்தியிருக்கும் ஒரு சைக்கிள், வாசலில் ஒரு பெண். பெரியப்பா படத்தில் இல்லை. பின்பையில் வைத்த குறிப்பை எனக்கு வாசித்துக் காட்டினாள். 'என் பெரியப்பாவுக்கு 21 வயது' என்று நிகழ்காலத்தில் தொடங்கியிருந்தது. "அப்ப 21 வயதா இருந்தது எண்டு போடு. இல்லாட்டி இப்ப ஐம்பது எண்டு போடு," என்றேன்.

"ரெண்டும் எங்களுக்குத் தெரியாதே அப்பா," என்றாள்.

சித்திரத்துக்கு 92 வந்தது. ஸ்பானியத்துக்கு 81. முதல் வரியின் வினைச்சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே இறந்தகால வடிவத்தை எழுதியிருந்தார் ஆசிரியர். இலக்கணப்படி அவர் செய்தது சரி. மகள் அதைப் பற்றிப் போய்ப் பேசவும் இல்லை, குறிப்பை மாற்றவும் இல்லை.

துணி இப்போது கூடத்தில், அண்ணனின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கொண்டுவந்த அன்று அம்மா கேட்டார்: "எத்தினை புள்ளி?"

சொன்னாள்.

"ஏன் வெட்டினவை?"

காலம் பிழை என்று விளக்கினாள். அம்மா கொஞ்ச நேரம் சைக்கிளைத் தடவிப் பார்த்தார்.

"வெட்டினா வெட்டட்டும்," என்றார். "நீ திருத்தாத."