எண்ணெய் வைத்த தலை

உத்தமபாளையத்தில் விடியலுக்கு முன்னால் கேட்பது ஜீப் சத்தம். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம் எங்கும் இப்படித்தான். கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற வண்டிகள். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இருட்டோடு எழுந்து, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சோறாக்கி, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்கு டப்பாவில் அடைத்து, தன் பங்கைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு தெருமுனையில் வந்து நிற்பார்கள். ஊர் எழும்போது அவர்கள் பாதி மலை ஏறியிருப்பார்கள்.

ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். காய் பிடிப்பதோ தூரில், மண்ணை ஒட்டி. பழுத்துக்கொண்டு வருகிற காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்கவேண்டும். பிஞ்சில் கை படக்கூடாது. குனிந்தோ குத்தவைத்தோதான் நாள் முழுவதும் வேலை. சாரல் காலத்தில் கீழே ஈரம், காலில் அட்டை. பொழுது சாய வீடு திரும்பினால் மறுபடி அடுப்பு.

*

'உங்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் அந்த ஜீப்பில் ஏறுகிறவரிடம் இதைச் சொன்னால், எந்த நேரத்திலிருந்து ஒதுக்குவது என்று அவர் கேட்பார். அதற்கு விடை வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும்.

2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு கணக்கைத் தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் செலவிடுவது நாளுக்குச் சராசரி 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். அதே ஆய்வில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் நேரம் என்றும் ஒரு பிரிவு உண்டு. உறக்கம், சாப்பாடு, குளியல் எல்லாம் அதில் அடக்கம். அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருவருக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். இந்தச் சமநிலையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண் அடுப்பிலும் ஒரு காது வாசலிலும் வைத்துக்கொண்டு நின்றபடி விழுங்கும் சாப்பாடும் அந்தப் பன்னிரண்டு மணிக்குள்தான் வருகிறது. தலையில் தண்ணீர் ஊற்றும்போதே கதவு தட்டப்படும் குளியலும் அதற்குள்தான் வருகிறது. நேரம் இருக்கிறது, அதை யாரும் இடையில் வந்து அள்ளிக்கொண்டு போகாமல் இருப்பதில்தான் வித்தியாசம்.

*

அப்படி யாரும் அள்ளிப்போகாத நேரம் ஒன்று இருந்தது, எண்ணெய்க் குளியல். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி.

நல்லெண்ணெயை இரும்புக் கரண்டியில் ஊற்றி, நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு, மிளகு வெடிக்கும்வரை காய்ச்சுவார்கள். சூடு ஆறி விரல் பொறுக்கும் பதத்துக்கு வந்ததும் முதல் கை உச்சியில். அப்புறம் காது மடல், பிடரி, முழங்கை, முழங்கால், குதிகால், கால்விரல் இடுக்கு. அவசரக் குளியலில் குதிகாலை யார் நினைக்கிறார்கள்? எண்ணெய் வைக்கும்போதுதான் அங்கே வெடிப்பு இருப்பது கைக்குத் தெரியும். முழங்கால் எங்கே வலிக்கிறது என்று விரல் தேடிப்போய்ச் சொல்லும். உடம்பை முழுவதுமாக, ஓரிடம் விடாமல், வாரந்தோறும் விசாரித்து வருகிற வழக்கம் இது. ஊறவிட்டு, வெந்நீரும் சீயக்காயும். அன்றைக்கு மிளகு ரசம், சூடான சோறு.

உடம்புச் சூடு தணியும் என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. எண்ணெய் வைத்த தலையோடு இருப்பவரை யாரும் கடைக்குப் போகச் சொல்லமாட்டார்கள். வாசலில் ஆள் வந்தாலும், "எண்ணெய் தேச்சிருக்கா, அப்புறம் வாங்க" என்று வீட்டில் வேறொருவர் பதில் சொல்லிவிடுவார். அந்த ஒரு மணி நேரத்தை அந்தப் பெண் தனியாகப் போராடிக் காக்கவில்லை. வீடே சேர்ந்து காத்தது. வெயிலில் போகாதே என்ற கட்டுப்பாடும் அன்று அவரை வேலைக்கு இழுப்பதைத் தடுத்தது.

மலைக்குப் போகிறவர்களுக்குச் செவ்வாய் ஏது, வெள்ளி ஏது? வழக்கம் தீபாவளிக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

*

ஊரை ஒட்டிய திருக்குணகிரிப் பாறைக்கு எப்போதாவது போய் உட்காருவேன். பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன, கீழே வட்டெழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். அச்சணந்தி என்ற முனிவர் பெயரும் அங்கே உண்டு. அசையாமல் தியானத்தில் இருக்கிற அந்த உருவங்களுக்கு முன்னால் பேச்சுத் தானாகக் குறையும்.

மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்குவது சமண முனிவர்கள் வழக்கம். அவர்கள் சமைப்பதில்லை. சுற்றியுள்ள வீடுகளில் உலை வைத்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சோற்றின் மேல்தான் அந்தத் தியானம் அமர்ந்திருந்தது. ஒருவர் அசையாமல் இருக்க இன்னொருவர் அசைந்திருக்கிறார். கல்லில் அந்த இன்னொருவருக்கு உருவம் இல்லை.

*

ஒருவர் ஓய்ந்திருக்க மற்றவர்கள் இடம் கொடுக்கவேண்டும் என்பதைச் சட்டமும் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்தது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்காக 2021-இல் தமிழ்நாடு, உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்ததை எண்ணி வருந்தலாம். வந்ததை எண்ணி நான் மகிழ்கிறேன். மனஉறுதி வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார்கள்.

*

எங்கள் தெருவில் ஒரு மதினி, வெகுகாலமாக மலைக்குப் போகிறவர். "ஞாயித்துக்கெழம என்ன செய்வீக?" என்று கேட்டேன்.

"வாரத் துணி கெடக்கும்ல."

அவர் மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் பேசினேன். ஞாயிறு காலை துணியும் சோறும் உன் பொறுப்பு, அம்மா எண்ணெய் தேய்க்கட்டும் என்றேன். தலையாட்டினான். அடுத்து வந்த ஞாயிறு கழிந்து மதினியைப் பார்த்தபோது விசாரித்தேன்.

"சோறு கொழஞ்சு போச்சு. எந்திரிக்கப் போனேன். நீ உக்காரும்மான்னுட்டான்."