புயலடித்த ஊருக்கு விருந்தாளியாய்

பிறர் துயரப்பட்ட இடத்துக்கு நாங்கள் சந்தோஷமாக இருக்கவென்று போகலாமா? கேள்வி பழையது. என்னிடம் அது 2011 யூன் மாதத்தில் தொலைபேசி வழியாக, சற்றுக் கோபத்தோடேயே வந்தது. "ஆக்களின்ரை வீடுவாசல் பறந்துபோய்க் கிடக்குது. நீங்கள் அங்கை போய்க் கடற்கரையிலை மீன் சுட்டுத் தின்னப் போறியளோ?" என்று கேட்டார் பிறிஸ்பேனில் நெடுநாள் பழக்கமான நண்பர் ஒருவர். அந்த ஆண்டு ஜனவரியில் பிறிஸ்பேனையே வெள்ளம் மூடியிருந்தது. "இஞ்சை வெள்ளம் பார்த்தது காணாதெண்டு அங்கை புயலும் பார்க்கவோ?" என்று கடைசியில் அவரே பகிடியாகவும் சொன்னார். ஆனால் முதற் கேள்வி பகிடியல்ல.

பாடசாலை விடுமுறைக்கு ஒரு கரவனை வாடகைக்கு எடுத்து, காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு, ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் வடக்கே இருக்கும் மிஷன் பீச் என்ற சிற்றூருக்குப் போக நாங்கள் ஒழுங்குபண்ணியிருந்தோம். கேர்ன்ஸ் நகரத்துக்குத் தெற்கே, மழைக்காடு நேராகக் கடல்மணலில் வந்து இறங்குகிற இடம் அது. அந்த ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி யாசிப் புயல் கரையேறியதும் அங்கேதான். ஐந்தாம் தரப் புயல். அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர், 2006 மார்ச் 20ஆம் திகதி, கொஞ்சம் வடக்கே இனிஸ்ஃபெயில் பக்கமாக லாரி என்ற புயல் வந்து அதே சனத்தை அடித்திருந்தது. இரண்டு தடவையும் அவுஸ்திரேலியாவின் வாழைச் செய்கையில் பெரும்பகுதி ஓர் இரவில் சரிந்தது. இரண்டு தடவையும் வாழைப்பழம் கிலோ பத்து டொலரைத் தாண்டியது. அர்ச்சனைத் தட்டில் சீப்பாக இருந்த பழம் ஒற்றைப் பழமாகச் சுருங்கியதை பிறிஸ்பேன் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். எங்களிற் பலருக்கு அந்தப் புயலோடு இருந்த உறவு அவ்வளவுதான்.

எனக்குக் கொஞ்சம் கூட. நான் மட்டக்களப்பான். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய வயதைக் கேட்டால், சூறாவளிக்கு முந்திப் பிறந்தவரா பிந்திப் பிறந்தவரா என்றுதான் கணக்குத் தொடங்கும். 1978 நவம்பர் 23 இரவு. அந்தப் புயலுக்குப் பெயர் கிடையாது, வருடம்தான் பெயர். ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தார்கள். காற்றைப் பொறுத்தவரை யாசி அதற்குக் குறைந்த புயல் அன்று. ஆனால் யாசியால் இறந்தவர் ஒரே ஒருவர். அதுவும் பூட்டிய அறைக்குள் ஓடவிட்ட மின்பிறப்பாக்கியின் புகையால். இந்த வித்தியாசத்தைக் கடவுளின் கணக்கில் எழுதுவதற்கில்லை. 1974 நத்தார் தினத்தன்று ட்ரேசிப் புயல் டார்வின் நகரத்தைத் தரைமட்டமாக்கி 66 பேரைக் கொன்ற பிறகு, இந்த நாட்டில் வீடு கட்டும் விதிகளே மாறின. கூரையை மரத்தோடும் மரத்தைச் சுவரோடும் சுவரை அத்திவாரத்தோடும் இரும்புக் கம்பியால் பிணைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த விதிகளுக்குப் பின்னர் கட்டிய வீடுகளிற் பெரும்பாலானவை யாசிக்குத் தாக்குப்பிடித்தன. கூடப் பழுதானவை பழைய வீடுகள். எங்கள் ஊரில் 1978இல் கிடுகும் தகரமும் ஓடும் தங்கள் சொந்தப் பாரத்தில்தான் இருந்தன.

அந்தப் புயலுக்குப் பிறகு வந்த நாட்களில் ஒரு விசயத்தைக் கண்டேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கொழும்பிலிருந்து ஜீப்பிலே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிலர் நிவாரணத்தோடு வந்தார்கள், சிலர் கமெராவோடு வந்தார்கள், சிலர் எதற்கு வந்தார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் மாமியின் வீட்டில் நாலு சுவர்தான் மிச்சம். ஜீப் சத்தம் ஒழுங்கையில் கேட்டதும் மாமி பதறிப்போய் விளக்குமாற்றைத் தேடினா. "ஆக்கள் வாறாங்க மனே, முத்தம் கூட்டாமக் கிடக்கு." கூரையில்லாத வீட்டின் முற்றத்தைக் கூட்டினா. தேத்தண்ணி ஊற்ற அடுப்பில்லை. ஆனால் வளவு முழுக்க முறிந்து விழுந்த தென்னைகளும், அவற்றின் குலைகளும் கிடந்தன. ஜீப்பில் வந்த துரைமாருக்கெல்லாம் மாமி இளநீர் வெட்டிக் கொடுத்தா. வாழ்நாளில் அவ்வளவு தாராளமாக அவ இளநீர் கொடுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நண்பரின் கேள்விக்கு நான் யோசித்த பதிலெல்லாம் அந்த விளக்குமாற்றிலிருந்து தொடங்கியதுதான்.

மிஷன் பீச்சுக்குப் போகும் வழியில் காடு விநோதமாக இருந்தது. இலையெல்லாம் உரிந்து மொட்டையாக நின்ற மரங்களின்மேல் காட்டுக்கொடிகள் ஏறிப் பச்சைப் போர்வை போர்த்தியிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் செழிப்பு, கிட்டப் போனால் முறிவு. அந்தக் காட்டில் கசோவரி என்றொரு பறவை உண்டு; ஆளுயரம் நிற்கும், பறக்காது, விழுந்த பழங்களைத் தின்று வாழ்வது. பழமரங்கள் சரிந்ததால் அது பட்டினி கிடக்குமென்று வனக்காவலர்கள் காட்டுக்குள் பழங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். பறவைக்கும் நிவாரணம் உள்ள நாடு என்று என் மனைவி சொன்னா. அந்தக் குரலில் எரிச்சல் கொஞ்சம், வியப்பு கொஞ்சம்.

கரவன் தரிப்பிடத்தில் பாதி இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. எதிரே கடலுக்குள் டங்க் தீவு தெரிந்தது. பெயர்பெற்ற அந்தத் தீவின் விடுதியை யாசி உடைத்துவிட, அது மூடிக் கிடந்தது. வாழை, அதைவிட்டால் விருந்தினர். அந்த ஊருக்கு வேறு சீவியம் அதிகமில்லை. ஆகவே, 'நாங்கள் எழும்பிவிட்டோம், வாருங்கள்' என்று அந்தப் பகுதிச் சனமே நாடு முழுவதையும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாசி என்ற சொல் தமிழ்க் காதுக்கு இரத்தலைச் சொல்லும். அந்தச் சனம் யாசிக்கவில்லை, அழைத்தார்கள்.

தரிப்பிடத்தின் பொறுப்பாளரான பெண் அறுபது வயது மதிக்கத்தக்கவர். அவருடைய வீட்டுக் கூரையில் அப்போதும் நீலத் தறப்பாள் கட்டியிருந்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பிறிஸ்பேன் என்றேன். அதற்கு முதல் எங்கே என்றார். சொன்னேன், 1978ஐயும் சொன்னேன். என்னைப் பார்த்து இரங்குவார் என்று எதிர்பார்த்தால், அவர் உடனே கேட்டது, "கூரை எதால் கட்டியிருந்தது?" அன்று பின்னேரம் அரை மணித்தியாலம் நாங்கள் கூரைகளைப் பற்றியே கதைத்தோம். தென்னோலையை எப்படி இழைப்பது என்று கையால் காட்டினேன். கம்பிப் பிணைப்பை எங்கே கொழுவுவது என்று அவர் காகிதத்தில் கீறிக் காட்டினார். அந்த இரவு தான் என்ன பாடுபட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

இனி நண்பரின் கேள்வி. அதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், உங்கள் காசு அவர்களுக்கு உதவும் என்பது. உண்மைதான். ஆனால் இந்தப் பதிலை நான் முழுதாக நம்புவதில்லை, ஏனென்றால் அது எதற்கும் பொருந்தும். எந்த அநியாயமான விடுதியிலும் நாலு பேருக்குச் சம்பளம் கிடைக்கும்.

மற்றப் பதில், துயரத்துக்கு மரியாதை செய்ய விலகி நில் என்பது. கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் மாமி முற்றத்தைக் கூட்டிவிட்டு நிற்கும்போது ஜீப் நிற்காமல் போயிருந்தால், அது என்ன மரியாதை? பாதிக்கப்பட்டவர் என்றொரு பட்டத்தைக் கொடுத்து, அவர் இனி யாருக்கும் எதுவும் கொடுக்கும் நிலையில் இல்லை என்று நாங்களே முடிவுகட்டுவது அவமரியாதை என்றே எனக்குப் படுகிறது. அகதிகளாக வந்திறங்கிய எங்களுக்கு இது தெரியாததல்ல. எங்களுக்குப் போர்வையும் பால்மாவும் தந்த நல்ல மனிதர்களிற் சிலர், எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு உண்ண வைப்பதற்கு எத்தனை வருடம் எடுத்தார்கள்!

இன்னுமொன்று, எங்கள் வழக்கத்திலேயே உள்ளது. கலியாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் போகமாட்டோம். செத்தவீட்டுக்கு அழைப்பே வேண்டாம். கேள்விப்பட்டவுடன் போக வேண்டும். துயரம் நடந்த இடம் அந்நியருக்கு மூடியது என்ற எண்ணம் எங்களுடையதல்ல. ஆனால் அந்த வழக்கம் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. செத்தவீட்டில் அழுகிறவர்கள் இருப்பார்கள். எங்கள் கையைப் பிடிக்க வாசலில் ஒருவர் நிற்பார். அழ ஆளில்லாமல் திறந்து கிடக்கும் வீட்டுக்குள் நுழைவதற்குப் பெயர் வேறு.

காங்கேசன்துறைக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் விரட்டப்பட்டது. போர் முடிந்த பின்னர், உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த அந்தக் கரையில் இராணுவம் ஒரு விடுமுறை விடுதியை நடத்தியது. காற்றும் கடலும் நல்லவை, அறைகளும் துப்புரவானவை என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து போன எங்கட ஆட்களும் அதிற் தங்கினார்கள். அதே காலத்தில் அந்த மண்ணுக்குரியவர்கள் பலர், சில கிலோமீற்றர் தள்ளி, முகாம் கொட்டில்களில் இருபது வருடங்களைக் கடந்திருந்தார்கள். புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் இருந்ததாகச் சொல்லப்பட்ட நிலக்கீழ் வீட்டைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. 2013இல் இராணுவம் அதைத் தகர்க்கும்வரை இது நடந்தது. வந்தவர்கள் பிள்ளைகுட்டியோடு வந்த சாதாரண சனம். அவர்களைப் பேய்களாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர்கள் வரத் தொடங்கியபோது அவ்வூர்க்காரர் பலருக்குத் திரும்பி வர அனுமதி இருக்கவில்லை. வீட்டுக்காரர் வருமுன் விருந்தாளி வந்துவிட்டார்.

கரவனிலும் எனக்கு இதுதான் உறுத்தியது. மூன்று வாரம் வீட்டை இழுத்துக்கொண்டு திரிந்தோம். குளிக்க வரிசை, பொதுக் குழாய், பொது அடுப்பு, அந்தி சாய்ந்ததும் பக்கத்துக் கூடாரத்தின் இருமல். இதெல்லாம் முகாமில் இருந்தவைதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் வீட்டை ஏற்றிக்கொண்டு நடந்தபோது என் மனைவி அந்தக் கூட்டத்தில் இருந்தவ. கரவனின் கதவை அவ இரவில் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பா. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு வீடு. திரும்பிப் போக ஒரு முகவரி இருந்ததால் அவர்களுக்கு அது விளையாட்டு வீடாக இருந்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில் கிடைத்துவிட்டது போலிருந்தது: வீட்டுக்காரர் வாசலில் நின்று வாவென்றால் போகலாம். நீலத் தறப்பாளின் கீழிருந்து அந்தப் பெண் எங்களை வாவென்றார்.

அந்தப் பதில் இரண்டு நாள்தான் நின்றது. ஊரின் பெயரில் உள்ள மிஷன் எது என்று என் மகள் கேட்டாள். தேடிப் படித்தேன். 1914இல் குயின்ஸ்லாந்து அரசு அங்கே ஹல் ஆற்றுப் பழங்குடிக் குடியிருப்பை அமைத்தது. சுற்றுவட்டாரத்துப் பழங்குடிகளைப் பிடித்து வந்து ஓரிடத்தில் வைக்கும் ஏற்பாடு. அதைத்தான் வெள்ளையர் மிஷன் என்றார்கள். 1918 மார்ச் 10ஆம் திகதி ஒரு புயல் வந்தது. குடியிருப்பு அழிந்தது. அதன் பொறுப்பதிகாரியும் அவருடைய மகளும் இறந்தார்கள். இறந்த பழங்குடி மக்களின் தொகைக்கு ஒன்றுக்கொன்று ஒவ்வாத கணக்குகள்தாம் உண்டு. அரசு அந்தக் குடியிருப்பைத் திரும்பக் கட்டவில்லை. உயிர் தப்பியவர்களைத் தெற்கே பாம் தீவுக்கு ஏற்றியது. பின்னர் அத்தீவு, 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில், மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பழங்குடிகளைக் கொண்டுபோய்த் தள்ளும் இடமாயிற்று. அனுமதியில்லாமல் அங்கிருந்து வெளியேற முடியாது. ஊரின் பெயர்ப்பலகையில் மட்டும் மிஷன் மிஞ்சியது.

அந்த மண்ணுக்குரியவர்கள் ஜிரு இனத்தவர். அவர்களுடைய பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 2011இல். யாசி அடித்த அதே வருடம்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவரும் தன் வீட்டைக் கட்டிக்கொண்டிருப்பவர். கூரை போன ஒருத்தியிடம் போய் இது உன் வாசலா என்று கேட்பது என்னால் முடியாத காரியம். எனக்கு அந்தத் தகுதியும் இல்லை; பிறிஸ்பேனில் என் வீடு நிற்கும் காணிக்கும் எனக்கு முந்திய ஆட்கள் இருந்தார்கள், அவர்களை நான் சந்தித்ததில்லை. விசா தந்தது ஓர் அலுவலகம். அது வாசலில் நின்று கைபிடித்த மாதிரி அல்ல. எங்கள் காணியைப் பற்றி நாங்கள் பேசும்போது பயன்படுத்துகிற சொற்களையெல்லாம் ஜிரு சனமும் பயன்படுத்தலாம். அப்படிப் பயன்படுத்தினால் அவர்களுடைய வசனத்தில் நான் எங்கே வருவேன் என்பதைப் புலம்பெயர்ந்த எங்களுடைய எழுத்துக்கள் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை.

புறப்படும் நாள் காலையில் அந்தப் பெண் ஒரு பை நிறைய எலுமிச்சங்காய் கொண்டுவந்து தந்தார். சரிந்த மரம் படுத்தபடியே காய்த்ததாம். காசு வாங்க மறுத்தார். நண்பருக்குக் கொடுக்கவென்று பாதியை எடுத்து வைத்தோம்.

பாம் தீவுக்குப் படகு ரவுன்ஸ்வில்லிலிருந்துதான் போகும். நாங்கள் அங்கே பெற்றோல் அடித்தோம். மகள் வரைபடத்தை விரித்துத் தீவு எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்து பார்த்தாள். கரவனைத் திரும்ப ஒப்படைக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.